வெங்காயத்தை யார் உரிப்பது?

எங்கள் சபையின் பிரதிஷ்டை பண்டிகை அசனத்தை இந்த ஆண்டு கேட்டரிங்காரரிடம் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. சொன்னவர் இளைஞர், பொறியாளர், கணக்கில் கெட்டிக்காரர். அரிசி, கறி, விறகு, பாத்திர வாடகை எல்லாவற்றையும் எழுதிக் காட்டினார். கான்ட்ராக்டில் விட்டால் செலவு குறையும், மிச்சப்படுவது கோயில் கூரைப் பழுதுக்கு ஆகும், யாரும் விடிய விடிய முழித்திருக்க வேண்டாம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. போதகர் ஐயரவாள் என் முகத்தைப் பார்த்தார். வயசாளி மல்லுக்கு நிற்பான் என்று எல்லோருமே காத்திருந்தார்கள். "கணக்கு சரிதான் தம்பி. வெங்காயத்த யாரு உரிப்பா?" என்று மட்டும் கேட்டேன். சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பான கேள்வி இல்லை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளைப் பழகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அசனம் என்பது சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிற நாள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அதற்கு மேல் அரிசி மூட்டை தருகிறவர்கள் உண்டு. நேர்ந்துவிட்ட கிடாயைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. முதல் நாள் சாயங்காலமே கோயில் வளவில் அடுப்பு வெட்டியாகிவிடும். ஒரு பக்கம் கறி வெட்டு, ஒரு பக்கம் தேங்காய்த் துருவல், நடுவில் சாக்கு விரித்துச் சின்ன வெங்காயக் குவியல். வடித்த சோற்றைப் பனையோலைப் பாயில் கொட்டி ஆற்றுவார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தி. அடுத்த தெரு இந்து வீட்டாரும் வருவார்கள். படுக்கையில் கிடக்கிற கிழவிகளுக்குத் தூக்குவாளியில் போகும்.

அந்த வெங்காயக் குவியலைச் சுற்றி உட்காருகிறவர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பனையேறி, வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவன், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள், புருஷனை இழந்து வருஷம் திரும்பாத பெண். கண்ணில் நீர் வழியும். எதற்காக வழிகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் பலருக்கு அங்கே அழுவது சௌகரியம். யார் மகனுக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் கல்யாணம் தட்டிப்போயிற்று, யாருக்குச் சர்க்கரை கூடிக் காலில் புண் என்பதெல்லாம் நடுச்சாமத்துக்குள் வெளியே வந்துவிடும். போதகர் ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாலும் காதில் விழாத சங்கதிகள் இவை. மறுவாரமே யாராவது ஒருவர் அந்த வேலைபோன பையனுக்காகத் தூத்துக்குடியில் யாரிடமாவது பேசியிருப்பார்.

சபையின் ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அதை அன்பு, பாசம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது சிநேகம் அல்ல. சிநேகிதனை நாம் பார்த்து எடுக்கிறோம்; பிடிக்காவிட்டால் விலகிக்கொள்கிறோம். சபையில் பக்கத்து பெஞ்சில் யார் உட்காருவது என்று நம்மைக் கேட்டா கடவுள் அனுப்புகிறார்? எனக்கு ஒத்தே வராத மனிதர்களோடுதான் நான் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். அவர்களும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் ஊரில் இரண்டு அண்ணாச்சிமார் ஒரு கிணற்றுப் பாத்தியதைக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அப்போதிருந்த ஐயர் ரொம்ப விவரமானவர். சமாதானம் பேசப் போகவே இல்லை. அசன வேலைப் பட்டியல் போடும்போது இரண்டு பேரையும் கறி வெட்டுகிற இடத்தில் எதிரெதிரே போட்டுவிட்டார். இரண்டு பேர் கையிலும் வெட்டரிவாள்! ஊரே பயந்தது. "இந்த எலும்பைப் பிடி" என்று ஒருவர் சொன்னதுதான் அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. தீர்ப்பு வரும்வரை நடந்தது. ஆனால் கோர்ட்டுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தார்கள். தோற்றவர் வீட்டு நல்லது கெட்டதற்கு ஜெயித்தவர் முன்னால் நின்றார். ஐக்கியம் என்று நான் சொல்வது இவ்வளவைத்தான்.

சேர்ந்து உண்பது எளிய காரியம்போலத் தோன்றும். சபை சரித்திரத்தில் அதைவிடக் கடினமான காரியம் இருந்ததில்லை. எருசலேமின் முதல் சபை வீடுகள்தோறும் அப்பம் பிட்டுச் சந்தோஷமாகச் சாப்பிட்டதாக வேதத்தில் படிக்கிறோம். நாலு அதிகாரம் தாண்டுவதற்குள் அதே சபையில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்துவிடுகிறது. அப்போஸ்தலர் அதை அற்ப விஷயம் என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தி விசாரணையை ஒப்படைத்தார்கள். கொரிந்துவில் இன்னும் மோசம். வசதியுள்ளவன் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருப்பான், கூலிக்காரன் வந்து பசியோடு நிற்பான். பவுல் அந்தச் சபையைக் கண்டித்த அளவுக்கு வேறு விஷயத்துக்காகக் கண்டித்திருப்பாரா என்பது சந்தேகம்.

நம் தேசத்தில் பந்திக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சாதி வந்து உட்கார்ந்தது. பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமையலைச் சேர்ந்திருந்து உண்ண வேண்டும் என்றபோது எதிர்ப்பு வந்தது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேற்றுமை கூடாது, உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எத்தனையோ பேர் முறுக்கிக்கொண்டார்கள். நாம் இன்றும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதியவர். பெரிய பக்தர், பெரிய புலவர். பந்தியில் வந்ததும் தடுக்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டுத் திங்கட்கிழமை மாப்பிள்ளை தேடும்போது முதலில் எதை விசாரிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்திலே வரப்புப் போட்டுப் பிரித்துவைத்த ஊர்களும் உண்டு. இதை மூடி மறைத்துவிட்டு ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனமில்லை.

இருந்தாலும் எங்கள் பக்கத்து ஊர்களே ஐக்கியத்தில் முளைத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்டு, ஜெபவீடு எரிந்து நின்ற ஜனங்களுக்காக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் முன்நின்று உண்டாக்கிய குடியேற்றம் முதலூர். 1830-இல் ரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் தொடங்கியது. நம்மவர்கள் போட்ட காசில் நிலம் வாங்கி, துன்பப்பட்டவர்களைக் குடியேற்றுவது அதன் வேலை. விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவது என்று நினைக்கிறவர்கள் இந்த நிலப் பத்திரங்களை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். அந்த ஏழை ஜனங்களின் நம்பிக்கை மனையாகவும் கிணறாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று. இறந்துபோன உபதேசியார்களின் மனைவிமாருக்கு உதவ அதே 1830-களில் ஒரு சகாய நிதியும் ஏற்பட்டது. எருசலேம் விதவைகளின் முறுமுறுப்புக்குப் பாளையங்கோட்டையில் கிடைத்த பதில் அது என்று எனக்குத் தோன்றும்.

காசு எங்கிருந்து வந்தது? என் ஆச்சி வீட்டு அடுப்பாங்கரையில் ஓலைக்கொட்டான் ஒன்று தொங்கும். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். வீட்டில் அரிசி குறைவான நாளில் பிடி சிறிதாகுமே தவிர, விட்டுப்போகாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டான்கள் கோயிலில் ஒன்றாகக் கொட்டப்படும். கொட்டியபின் எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. பனை பருவத்தில் கருப்பட்டி வரும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய், கோழி, முட்டை எல்லாம் வந்து ஏலம் போகும். ஒரு முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். கோழியின் விலையைத் தாண்டிய முட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பிடிபிடியாகக் கொடுத்துப் பழகிய சபைகள்தாம் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தை ஏற்படுத்தின. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் முன்னின்றவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது தீர்மானம். ஆட்கள் போனது நிஜாம் சீமையில் தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல்லுக்கு. 1912-இல் அசரியா அங்கே பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப் அவர். தெலுங்கு ஒரு வார்த்தை அறியாத எங்கள் ஆச்சிமார் தோர்ணக்கல் என்ற பேரைத் தங்கள் பிறந்த ஊரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஒரு பிடி அரிசி அங்கே போயிருக்கிறது அல்லவா?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. சேர்ந்து சமைப்பதும் நிதி திரட்டுவதும் ரசிகர் மன்றத்துக்காரர்களும் செய்கிறார்கள். கட்சிக்காரர்கள் இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள். இதில் விசுவாசத்துக்கு என்ன வேலை?

எனக்குத் தெரிந்தவரை இரண்டு வேலை. ஒன்று, பாவ அறிக்கை. திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் முழங்காலில் நின்று ஒரே வார்த்தைகளைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத் தாளாளரும், அவரிடம் மகனுக்கு இடம் கேட்டு அலைந்தவனும் ஒரே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். வேறெந்தச் சங்கத்திலும் உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடித் தங்களைத் தாங்களே குற்றவாளிகள் என்று உரக்கச் சொல்லிக்கொள்வதாக நான் கேள்விப்படவில்லை. அதைச் சொல்லிவிட்டு எழுந்தவனுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது கொஞ்சம் கஷ்டம். முடியாது என்று சொல்லவில்லை, கொஞ்சம் கஷ்டம்.

மற்றொன்று, விசுவாசப் பிரமாணம். என் மனைவி போனபிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் நின்றேன். எல்லோரும் எழுந்து பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. துக்கம் மட்டும் அல்ல. அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. சரீர உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்கு வலப்பக்கம் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் நின்றார். தாளத்துக்கு முந்திப் பாடுகிறவர், எனக்கு அதனாலேயே எரிச்சல். அவர் கணீரென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பின்னாலிருந்த பிள்ளைகள் சொன்னார்கள். பெண்கள் பக்கம் சொன்னார்கள். நான் சொல்ல முடியாததை அந்த வாரம் சபை எனக்காகச் சொல்லி வைத்தது. பல வாரம் அப்படியே நடந்தது. அவர்களில் யார் யார் தங்கள் தங்கள் கெட்ட வாரங்களில் என் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ, அதையும் நான் அறியேன். தனியாக ஒருவன் விசுவாசியாக இருக்கலாம் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எல்லா வாரமும் அவர்களுக்கு நல்ல வாரமாகவே அமையட்டும்.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது லேசல்ல. மணல் சரிந்துகொண்டே இருக்கும். நாலு பேர் தோண்ட, நாலு பேர் பக்கங்களில் பலகை பிடிக்க, மாற்றுக்கு நாலு பேர் வேண்டும். துக்க மணி அடித்தால் வாலிபர்கள் மண்வெட்டியோடு தாமாக வந்துவிடுவார்கள். இறந்தவர் வரிப்பாக்கி வைத்தவரா, கமிட்டியைத் திட்டியவரா என்று அந்த நேரத்தில் யாரும் நோட்டைப் புரட்டுவதில்லை. 2020-இல் கொரோனா வந்து கோயில்கள் பூட்டியிருந்த மாதங்களில் கைபேசியில் ஆராதனை பார்த்தோம். நல்ல பிரசங்கங்கள், சென்னைக் கதீட்ரல் பாடகர் குழுவின் பாட்டைப் படுக்கையில் சாய்ந்தபடி கேட்கலாம். பழகிப்போன சிலர் இன்னும் கோயிலுக்குத் திரும்பவில்லை. அவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் இதுதான்: அந்தக் கைபேசிக்குப் பலகை பிடிக்கத் தெரியாது.

சண்டையைச் சொல்லாமல் சபையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கமிட்டி எலெக்‌ஷன் வந்தால் எங்கள் ஊரில் இரண்டு அணி. ஓட்டுக்காக உறவு முறை புதிதாகப் பிறக்கும். கோர்ட்டுப் படிகளில் திருச்சபைகளின் வழக்குகள் ஏறி இறங்குவதைப் பத்திரிகையில் பார்க்கிற பிற மதத்துச் சிநேகிதர்கள் கேட்டால் பதில் சொல்ல நாக்கு எழும்புவதில்லை. இது புதிதும் அல்ல. ரேனியஸுக்கும் அவரை அனுப்பிய சங்கத்துக்கும் மனஸ்தாபம் முற்றி 1835-இல் பிரிவு வந்தபோது, நெல்லைச் சபைகளும் இரண்டாயின. 1838-இல் அவர் இறந்தபிறகே மெல்ல ஒன்றுசேர்ந்தன. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய கோயில், ஜனங்களும் அவருமாகச் சேர்ந்து 33 ஆண்டு உழைத்து 1880-இல் பிரதிஷ்டையானது. அதே கால்டுவெல் 1849-இல் அந்த ஜனங்களைத் தாழ்த்தி ஒரு புத்தகம் எழுதினார். அது உண்டாக்கிய மனக்கசப்பு, 1857-இல் சட்டாம்பிள்ளை தலைமையில் நாசரேத் பக்கம் தனிச் சபை பிறந்ததற்கு ஒரு முக்கியமான காரணம். கோயிலுக்குக் கல் சுமந்த தோளைக் காகிதத்தில் இகழ்ந்தால் என்ன ஆகும்? கொடுத்து உதவுகிறவர் மரியாதையையும் கொடுக்க வேண்டும். தர்மம் பெறுகிறவன் பந்தியில் சமமாக உட்காராதவரை அதற்கு ஐக்கியம் என்று பெயரில்லை.

பிரிவுகளைப் பார்த்துச் சலிப்பவர்கள், 1947 செப்டம்பர் 27-ஐயும் நினைத்துக்கொள்ளட்டும். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நாலு வழியில் வளர்ந்த சபைகள் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றாயின. அதற்கு முன் பல்லாண்டுப் பேச்சுவார்த்தை. தேசம் இரண்டாகப் பிரிந்து ஆறு வாரமே ஆகியிருந்த நேரத்தில், இங்கே ஒரு கூட்டம் ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். என் பேரன் சென்னையில் ஒரு பெரிய சபைக்குப் போகிறான். "தாத்தா, இங்க யாரும் யார்கிட்டயும் பேசுறதில்ல. ஆராதனை முடிஞ்சா எல்லாரும் பார்க்கிங்குக்குப் போயிடுறாங்க" என்றான். "நீ எவ்வளவு நேரம் நிப்ப?" என்று கேட்டேன். அவனும் வண்டியை எடுக்கத்தான் ஓடுகிறானாம். பாட வராது, வேதபாடம் நடத்தத் தெரியாது என்றான். "நாற்காலி அடுக்கத் தெரியுமா? போய் அடுக்கு" என்றேன். அந்தச் சபையில் நாற்காலி அடுக்குகிறவர்களே ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஏழை நோயாளிகளுக்கு இரத்தம் கொடுக்க ஆள் சேர்க்கிறவர்களும். போன வாரம் போனில் பேசும்போது இரைச்சலாக இருந்தது. என்னப்பா சத்தம் என்றால், ஏதோ ஒரு அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் பாட்டுப் பழகுகிறார்களாம். பாட வராதவன் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டேன். டோலக்கைத் தூக்கி வர ஆள் வேண்டுமாம். அவன் ஓ நெகட்டிவ் என்பது அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் தெரியும்.